சனிக்கிழமைக் குப்பி

மெர்வி கெட்டுனன் ஹில்காவின் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் தன் சித்தப்பா மீது கொலைப்பழி போட்டாள். எதிரே வைத்த காப்பியைத் தொடக்கூட இல்லை. சவோ ஏரிப் பக்கத்து மனிதர்கள் காப்பி ஆறுகிறபடி விட்டுவிட்டுப் பேசினால் விஷயம் பெரியது என்று அர்த்தம். அது டாக்சிக்காரன் டைஸ்டோவுக்குத் தெரியும். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அவனை யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஹில்கா ரௌத்தலா மாவட்டக் குற்றப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். வண்டி ஓட்டத் தெரியாதவர். எங்கே போனாலும் டைஸ்டோவின் டாக்சிதான். நாளாவட்டத்தில் மீட்டரை அணைத்துவிட்டு அவனும் கூடவே உள்ளே வர ஆரம்பித்தான். பக்கத்து வீட்டுக்காரனிடம் வருஷத்துக்கு இரண்டு வார்த்தை பேசினாலே வாயாடி என்று பெயர் வாங்கும் ஊரில் டைஸ்டோவுக்கு வாய் ஓயாது. ஹில்கா அதைப் பொறுத்துக்கொண்டார். அவன் உளறியதில் பாதி, எதை நம்பக்கூடாது என்று காட்டிக் கொடுத்துவிடும் என்பார்.

"நாப்பது வருஷமா ஏரி ஐஸ்ல துளை போட்டு முங்கினவரு எங்கப்பா ஆர்மாஸ்," என்றாள் மெர்வி. "போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சவுனா அறை நீராவியில வெந்துட்டு இறங்கிப் போனாரு. துளையிலயே செத்துப்போனாரு. சித்தப்பா பத்தடியில நின்னிருக்காரு. தண்ணி தளும்புற சத்தம் கேட்டுச்சாம், கூப்பிட்டாராம், தேடினாராம். ஆளைக் காணலியாம். பத்தடியில இருக்கிற ஆளு கண்ணுக்குத் தெரியாமப் போவாரா?"

"போலீஸ் என்ன சொல்லுது?" என்றார் ஹில்கா.

"இதயம் நின்னுபோச்சு, வயசாச்சுன்னு சொல்லி மூடிட்டாங்க. அறுபத்தெட்டு ஒரு வயசா?"

"அப்பாவுக்கு வேற ஏதாவது வியாதி உண்டா?"

"கண் அழுத்தம் மட்டும்தான். அது எங்க வீட்டுச் சொத்து. தாத்தாவுக்கு அதுலதான் ரெண்டு கண்ணும் போச்சு. வீட்டுல இருந்து சவுனாவுக்குக் கயிறு கட்டி அப்பாதான் அவரைக் கூட்டிட்டுப் போவாராம். ஒரு வேளை சோறு ஊட்டினாலும் அப்பாதான். 'செத்தாலும் சாவேன், அப்படி உக்கார மாட்டேன்'பாரு. சித்தப்பாவுக்கும் அதே வியாதி. ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில ஒரு ஆய்வுல சேர்ந்தாங்க. புது வளையம் நல்லதா, பழைய சொட்டு மருந்து நல்லதான்னு பாக்குற ஆய்வு."

மெல்லிய வளையம் ஒன்றைக் கண்ணிமைக்கு அடியில் வைத்துவிடுவார்கள். மாதக்கணக்கில் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். சொட்டு மருந்தைத் தினம் இரண்டு வேளை மறக்காமல் விட வேண்டும். எது அழுத்தத்தை நன்றாகக் குறைக்கிறது என்பது கேள்வி. யாருக்கு எது என்று தெரிந்துவிட்டால் மனம் விளையாடும் என்பதால் எல்லோருக்கும் இரண்டையும் கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டில் ஒன்று பொய். வளையம் நிஜமானால் குப்பியில் உப்புத் தண்ணீர். குப்பி நிஜமானால் வளையம் வெறும் வளையம். பெட்டியிலும் குப்பியிலும் ஆளுக்கொரு எண் மட்டும் இருக்கும்; யாருக்கு எது என்பது ஆளுக்கொரு மூடிய உறைக்குள், டாக்டருக்கே தெரியாது.

"உங்கப்பாவுக்கு எதுன்னு தெரியுமா?" என்று கேட்டார் ஹில்கா.

மெர்வி முதல் முறையாகச் சிரிக்கப் பார்த்தாள். "போன கோடையிலயே தெரியும். நான் அழகு நிலையம் வச்சிருக்கேன். இமை முடி நீளமா வளரணும்னு பொம்பளைங்க தேடி வாங்குற மருந்தும், அந்த வளையத்துல இருக்கிறதும் ஒரே ஜாதி. அப்பாவுக்கு இமை முடி கருகருன்னு பொண்ணுக்கு வளர்ற மாதிரி வளர்ந்திருந்துச்சு. 'உங்களுக்கு வளையம்தான்ப்பா நிஜம், குப்பி வெறும் தண்ணி'ன்னு கிண்டல் பண்ணினேன். சித்தப்பாவுக்கு அதே பழைய பன்னிக்குட்டி இமைதான்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கண்ணாடியில போய்ப் பாத்துக்கிட்டாரு. கோடைக்கு அப்புறம் ஏனோ சோர்ந்து போனாரு. விறகோட மேடு ஏறினா நாலு இடத்துல நிப்பாரு. கை எப்பவும் ஜில்லுனு இருக்கும். டாக்டர்ட்ட சொல்லுங்கன்னா, ஆஸ்பத்திரிக்குப் போற வாரம் பாத்து ஆளு தெளிவாயிடுவாரு. நாடி நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பிடுவாங்க."

ஹில்கா காப்பிக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். "இதைக் குடி முதல்ல."

*

ஆய்வை நடத்திய டாக்டர் லாக்சோ தூக்கம் கெட்ட மனிதர். ஆய்வில் ஒருவர் இறந்துபோனால் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. மகளும் தம்பியும் சம்மதம் சொல்லியிருந்ததால் பேசினார்.

"இறந்ததும் ஆர்மாஸோட உறையைத் திறந்து பாத்துட்டோம். வளையம் நிஜம், சொட்டு உப்புத் தண்ணி. வளையத்துக்கும் இதயத்துக்கும் சம்பந்தமே இல்ல."

"சொட்டு மருந்துக்கு?"

"அதுக்கு உண்டு. கண்ணுல விட்டா மூக்கு வழியா ரத்தத்துல இறங்கும். நாடியைக் குறைக்கும், சிலருக்கு மூச்சு வாங்கும், கை கால் குளிரும். ஆனா அது அவருக்குக் குடுக்காத மருந்து."

"தம்பி ரெய்னோவுக்கு?"

"அந்த உறையைத் திறக்க முடியாதும்மா. ஆய்வு கெட்டுடும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவரு விஷயம்தான் எனக்குப் புரியல. வரும்போதெல்லாம் அழுத்தம் அருமையா இருக்கு. ஆனா பார்வை பக்கவாட்டுல சுருங்கிக்கிட்டே வருது. இந்த மாசம் வர வேண்டியவரு, வரவும் இல்ல."

"எத்தனை நாளைக்கு ஒருக்க அழுத்தம் பாக்குறீங்க?"

"மூணு மாசத்துக்கு ஒருக்க."

"நடுவுல?"

"நடுவுல எதுக்குப் பாக்கணும்?"

ஹில்கா எழுந்தார். டாக்சியில் ஏறியதும் டைஸ்டோவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அக்கா, கேஸ் முடிஞ்சுது. ஆஸ்பத்திரியில குப்பி மாறிப்போச்சு. அண்ணனுக்குத் தம்பி மருந்து, தம்பிக்கு அண்ணன் தண்ணி. டாக்டர் மூஞ்சியைப் பாத்தீங்கல்ல, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறாரு."

"பாதி வழி வந்துட்ட," என்றார் ஹில்கா. "மீதி வழிக்கு ரோட்டைப் பாத்து ஓட்டு."

*

அண்ணன் தம்பி இருவர் வீடும் ஒரே ஏரிக்கரையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நடுவில் பொதுவாக ஒரு சவுனா. ரெய்னோ கெட்டுனன் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். அறுபத்தைந்து வயது. பிளந்ததை ஒரு கூடை நிறைய வாரிக்கொண்டு மேட்டில் ஒரே மூச்சில் ஏறி வந்தார். இந்த உடம்புக்கு ஒரு கிழவனைத் தண்ணீரில் அமுக்குவது பெரிய வேலையா என்று டைஸ்டோ மனதுக்குள் எண்ணிக்கொண்டான். அதே மனிதர் வீட்டுக்குள் நுழைகையில் திறந்திருந்த கதவின் விளிம்பில் தோளை இடித்துக்கொண்டார். காப்பி ஊற்றும்போது கோப்பைக்குள் ஒரு விரலை விட்டுக்கொண்டு, சூடு விரலில் பட்டதும் நிறுத்தினார். இமை முடி வெளிறிக் குட்டையாக இருந்தது.

மீனை வைத்துச் சுட்ட கம்பு ரொட்டியை அறுத்துத் தட்டில் வைத்தார். பேசவில்லை. ஹில்காவும் அவசரப்படவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து டைஸ்டோவைத்தான் வதைத்தார்கள்.

"மேடு ஏறினா மூச்சு வாங்குதா?" என்று கடைசியில் ஹில்கா கேட்டார்.

"ஆய்வுல சேர்ந்த புதுசுல வாங்குச்சு. வயசாச்சுன்னு நெனச்சேன். கோடைக்கு அப்புறம் இளந்தாரி ஆயிட்டேன். அண்ணன் கிழவனா ஆனாரு, நான் குமரனா ஆனேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆஸ்பத்திரிக்குப் போற வாரம் மட்டும் பழையபடி கால் கனக்கும். பயந்தான். டாக்டர்னா எனக்குக் கன்னுக்குட்டி கசாப்புக்காரனப் பாத்த மாதிரி."

"கண்ணு?"

"பக்கத்துல இருக்கிறது தெரியல. நேரா இருந்தா தெரியும், துவாரம் வழியாப் பாக்குற மாதிரி. வலது அதுவும் இல்ல."

"டாக்டர்ட்ட சொல்லலியா?"

"அவருக்கு ஆயிரம் வேலை. அழுத்தம் நல்லா இருக்குன்னாரு. நல்லா இருக்குங்கிற மனுஷன்ட்ட போய் இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

டைஸ்டோவுக்கு எரிச்சலாக வந்தது. வீடு பற்றி எரிந்தாலும் தீயணைப்புக்காரர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைக்கிற ஜனங்கள் இவர்கள். அவனும் அவர்களில் ஒருவன்தான் என்பதால் எரிச்சல் இன்னும் கூடியது.

"மருந்தை யார் எடுத்துக் குடுப்பாங்க?" என்றார் ஹில்கா.

"அண்ணன்தான். ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டினது அவரு. ரெண்டு பேர் பெட்டியும் அவரு வீட்டு ஃப்ரிட்ஜுலதான் இருக்கும். வாரத்துக்கு ஒரு குப்பி. சனிக்கிழமை சவுனாவுல புதுசைக் கையில குடுத்துட்டுப் பழசை வாங்கிக்குவாரு. அவரு போனதும் மெர்வி என் பெட்டியைக் கொண்டாந்து வச்சா."

"டைஸ்டோ, போய் மெர்வியைக் கூட்டிட்டு வா," என்றார் ஹில்கா.

*

மெர்வி அப்பாவின் வீட்டில் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வந்தவள் சித்தப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சுவரோரம் நின்றாள். "அப்பாவோட மருந்துப் பெட்டி என்னாச்சு?" என்று ஹில்கா கேட்டதற்கு, மிச்ச மருந்தை எல்லோரும் செய்வது போல மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். இந்நேரம் எரித்திருப்பார்கள்.

"பரவால்ல. ஒரு பெட்டி போதும். டைஸ்டோ, ரெய்னோவோட பெட்டியை எடுத்து மேசையில வை. இன்னும் திறக்காதே." ஹில்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "நான் சொல்றது தப்பாயிருந்தா இந்தப் பெட்டியே சொல்லிடும். இங்க ரெண்டு பேரு. ஒருத்தருக்கு இமை வளர்ந்திருக்கு, அவருக்கு வளையம் நிஜம். ஆஸ்பத்திரி உறையும் அதைத்தான் சொல்லுது. இன்னொருத்தருக்கு வளரல. அப்ப அவரு வளையம் பொய், குப்பி நிஜம். இது வரைக்கும் சரியா?"

"சரி," என்றாள் மெர்வி.

"குப்பி மருந்து நாடியைக் குறைக்கும், மேடு ஏற விடாது, கையைக் குளிர வைக்கும். ஆனா யாருக்குக் கை குளிர்ந்துச்சு? தண்ணிக் குப்பி வச்சிருந்த உங்கப்பாவுக்கு. யாரு இளந்தாரி ஆனாரு? மருந்துக் குப்பி வச்சிருந்த உன் சித்தப்பா. கோடைக்கு அப்புறம்."

"அதான் நான் சொன்னேன், ஆஸ்பத்திரியில மாறிப்போச்சுன்னு," என்றான் டைஸ்டோ.

"தவறுதலா மாறினது மாறினபடிதான் இருக்கும்டா. டாக்டர் பாக்குற வாரம் மட்டும் தானா சரியாயிடுமா? அந்த வாரம் ஆர்மாஸ் தெளிவாயிடுவாரு. அதே வாரம் ரெய்னோவுக்குக் கால் கனக்கும். அழுத்தம் அளக்குற அன்னிக்கு ரெண்டு பேருக்கும் கணக்கு நேரா இருக்கும். நடுவுல யாரும் பாக்குறதில்ல. இது தற்செயல் இல்ல. ஒருத்தரு உக்காந்து யோசிச்சுப் பண்ணினது."

மெர்வி மெதுவாகச் சித்தப்பா பக்கம் திரும்பினாள். "நீங்களா?"

"அவரால குப்பி மேல இருக்கிற எண்ணைப் படிக்க முடியாதும்மா," என்றார் ஹில்கா. "ரெண்டு பெட்டியும் அவரு வீட்டுல இல்ல. சனிக்கிழமை குப்பியைக் கையில குடுத்தது அவரு இல்ல. டைஸ்டோ, பெட்டி மேல என்ன எண்?"

"நாப்பத்தொண்ணு."

"உள்ள இருக்கிற குப்பியை எல்லாம் படி."

டைஸ்டோ ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். "நாப்பது. நாப்பது. இதுவும் நாப்பது." கடைசியாக ஒன்று பெட்டியின் மூலையில் இருந்தது, கழுத்தில் ரப்பர் வளையம் மாட்டியிருந்தது. "இது மட்டும் நாப்பத்தொண்ணு."

"அதை ஏன் எடுக்கல?" என்று ஹில்கா ரெய்னோவைக் கேட்டார்.

"அண்ணன் ரப்பர் போட்டிருக்காரேன்னு. ஏதோ காரணமாத்தான் போட்டிருப்பாருன்னு கடைசியா வச்சேன்."

"காரணமாத்தான் போட்டிருக்காரு. நாப்பது உங்க அண்ணனோட எண். அதெல்லாம் உப்புத் தண்ணி. ரப்பர் போட்டது ஒண்ணுதான் உங்க மருந்து, ஆஸ்பத்திரிக்குப் போற வாரத்துக்கு. மத்த வாரமெல்லாம் உங்க மருந்து அவரு கண்ணுல விழுந்துச்சு. அவருக்கு வளையமும் நிஜம், சொட்டும் நிஜம். உங்களுக்கு ரெண்டும் பொய். கோடையில இருந்து உங்க கண்ணுக்கு மருந்தே இல்ல."

ரெய்னோ காப்பி அளந்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"எங்கப்பா திருடன்ங்கிறீங்களா?" என்றாள் மெர்வி.

"பயந்துபோனவருங்கிறேன். உங்க தாத்தாவைச் சவுனாவுக்குக் கூட்டிட்டுப் போனவரு அவரு. ரெண்டு மருந்தும் கிடைச்சா கண்ணு ரெட்டிப்பாத் தங்கும்னு நெனச்சாரு. ஆனா அந்தச் சொட்டு இதயத்தைக் கட்டிப்போடும். அன்னிக்குச் சாயங்காலம் வழக்கம்போல விட்டுக்கிட்டு, சவுனாவுல வெந்துட்டு, ஐஸ் தண்ணியில இறங்கியிருக்காரு. ஓட வேண்டிய நேரத்துல இதயம் ஓடல. அதோட அவரு உடனே செத்திருக்க மாட்டாரு. கூப்பிட்டதுக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லாம, துளை விளிம்பைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் இருந்திருப்பாரு. தண்ணி தளும்புற சத்தம் அதுதான்."

"நான் கேட்டேன்," என்றார் ரெய்னோ. "நேராத்தான் பாத்தேன். துளை பக்கவாட்டுல இருந்திருக்கு. ஐஸ் மேல முட்டி போட்டுத் தடவிக்கிட்டே போனேன். வேற பக்கம் போயிட்டேன்."

"பத்தடியில," என்றாள் மெர்வி.

"ஆமா. பத்தடியில."

தன் வினை தன்னைச் சுடும் என்று டைஸ்டோ வாயெடுத்தான். ஹில்கா மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தார். மிதித்தும் பயனில்லை, மெர்விக்கே கணக்கு விளங்கிவிட்டது. கூடப்பிறந்த தம்பியின் கண்ணைத் திருடியவனைத் தம்பியால் பார்த்துத் தூக்கிவிட முடியவில்லை. அதை அவள் புரிந்துகொண்டாள். அதற்கு முன்னால் நடந்த ஒன்றும் அவள் நினைவுக்கு வந்தது. டைஸ்டோவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இமையைப் பாத்து நான்தான் சொன்னேன்," என்றாள். "வளையம் நிஜம், குப்பி தண்ணின்னு. நான் சொல்லலேன்னா அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

ஹில்கா இல்லையென்று சொல்லவில்லை. அவர் பொய் சொல்லி ஆறுதல் தருகிற ரகமில்லை. தொலைபேசியை எடுத்து டாக்டர் லாக்சோவை அழைத்து நாலே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் காகிதம் கிழிபடும் சத்தம் டைஸ்டோவுக்கே கேட்டது.

"உறையைத் திறந்துட்டாரு," என்றார் ஹில்கா. "நீங்க குப்பிக்காரர்தான், ரெய்னோ. வலது கண்ணு இனி வராதுன்னு சொல்றாரு. இடதுல இருக்கிறதைக் காப்பாத்தலாமாம். ஆனா இன்னிக்கே வரணும், நாளைக்குன்னு தள்ளக்கூடாதுங்கிறாரு."

மெர்வி மேல்கோட்டை எடுத்தாள். இந்த வீட்டுக்குள் ஒரு மணி நேரத்துக்கு முன் சித்தப்பாவைத் தூக்கில் போட வந்தவள், அவருடைய காலணியை எடுத்து அவர் காலருகே வைத்தாள்.

"சித்தப்பா," என்றாள், "அவரு உங்கட்ட வாய்விட்டுக் கேட்டிருந்தா?"

ரெய்னோ காலணிக்குள் காலை நுழைத்து வாரை இறுக்கினார். பதில் வராது என்று டைஸ்டோ நினைத்தான். அந்த ஊரில் அப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பெரும்பாலும் பதில் வருவதில்லை.

"குடுத்திருக்க மாட்டேன்," என்றார் ரெய்னோ. "எனக்கும் அதே அப்பன்தானே. அண்ணனுக்கு அது தெரியும். அதான் கேக்கல."

டாக்டர் பார்க்க வேண்டும் என்றதால் மருந்துப் பெட்டியையும் கொண்டுபோக வேண்டியிருந்தது. ரெய்னோவே அதை மேசையிலிருந்து துழாவி எடுத்துக்கொண்டார். படியில் இறங்கும்போது அவருக்குக் கைத்தாங்கலாக வந்த மெர்வி, "பெட்டியைக் குடுங்க, நான் வச்சுக்கிறேன்," என்று கை நீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை. மெர்வியும் இரண்டாம் முறை கேட்கவில்லை. காரின் முன்சீட்டில் அவர் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், வண்டி கிளம்பியது.